ஊனோ சிக்னேயஸ்

ஊனோ சிக்னேயஸ் (அக்டோபர் 12, 1810 – ஜனவரி 2, 1888) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த கல்வியாளரும் லூத்தரன் திருச்சபைப் போதகரும் ஆவார். பின்லாந்தின் தொடக்கப் பள்ளி முறைமையை வடிவமைத்தவர் என்பதால் அந்நாட்டில் இவர் மக்கள் பள்ளியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தச்சு, கூடை முடைதல், கொல்லுவேலை, தையல், நெசவு போன்ற கைவேலைகளைத் தொழிற்பயிற்சியாகக் கொள்ளாமல், எழுத்தும் கணக்கும் போன்றதொரு பொதுக்கல்விப் பாடமாகத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்தது இவரது முதன்மையான பங்களிப்பாகும். 1866 ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் மூலம் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கிய முதல் நாடாகப் பின்லாந்து கருதப்படுகிறது. இன்று பல நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற வகையில் கற்பிக்கப்படும் பாடங்களின் முன்னோடிகளுள் இவரது கைவேலைக் கல்வியும் ஒன்று.

கவிஞரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான பிரெட்ரிக் சிக்னேயஸ் (1807–1881) இவருடைய உறவினர். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் என்பதால் சில வேளைகளில் ஒருவர் மற்றவராகக் குழப்பிக் கொள்ளப்படுவதுண்டு.

பின்னணி

பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சியில் இருந்த பின்லாந்து, 1809 இல் ரஷ்யப் பேரரசின் கீழ் தன்னாட்சி கொண்ட பெருங்கோமகப் பகுதியாக மாறியது. ஆட்சி, நீதி, உயர்கல்வி ஆகியவற்றின் மொழியாகச் சுவீடிய மொழியே தொடர்ந்தது. மக்களில் பெரும்பான்மையினர் பேசியது பின்னிய மொழி. சிக்னேயஸின் தாய்மொழி சுவீடியம். பெரும்பான்மையினரின் மொழியில் இயங்க வேண்டிய ஒரு பள்ளி முறைமையை உருவாக்கும் பொறுப்பு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரிடம் வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் ஊர்ப்புற மக்களின் கல்வி திருச்சபையின் கையில் இருந்தது. சமய வினாவிடை நூலைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது திருச்சபையின் விதி. அதில் தேறாதவர்கள் திருவிருந்தில் பங்குகொள்ளவோ திருமணம் செய்துகொள்ளவோ இயலாது. இதனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருந்தனர். எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கணக்கு, இயற்கை அறிவு, வரைதல் ஆகியவை ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு எட்டாதவையாக இருந்தன.

இளமையும் கல்வியும்

சிக்னேயஸ் தெற்குப் பின்லாந்திலுள்ள ஹமேன்லின்னா நகரில் பிறந்தார். ஹெல்சின்கியிலிருந்த பேரரசர் அலெக்சாந்தர் பல்கலைக்கழகத்தில் பயின்று 1836 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். இயற்கை அறிவியலில் இவருக்கு ஆர்வம் இருந்தது. பின்னர் குருப்பட்டம் பெற்று, வீபோர்க் நகரில் துணைப் போதகராகவும் அங்கிருந்த சிறைச்சாலையின் போதகராகவும் பணியாற்றினார்.

அலாஸ்காவில்

அந்நாளில் அலாஸ்கா ரஷ்யாவின் உடைமையாக இருந்தது. உரோம வணிகம் செய்துவந்த ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி அதை நிர்வகித்தது. கம்பெனியின் பணியாளர்களில் பின்லாந்தியரும் பால்டிக் பகுதியினரும் கணிசமாக இருந்தனர். இவர்கள் லூத்தரன் சமயத்தவர். பின்லாந்தியரான அடோல்ப் எத்தோலேன் அலாஸ்காவின் ஆளுநராக அமர்த்தப்பட்டபோது, அவருடன் போதகராகச் சிக்னேயஸ் சென்றார். 1840 முதல் 1845 வரை கம்பெனியின் தலைமையிடமான சிட்காவில் பணியாற்றினார். சிட்காவின் லூத்தரன் தேவாலயம் 1843 இல், இவர் பணிக்காலத்திலேயே அமைந்தது.

சென் பீட்டர்ஸ்பர்க்கில்

அலாஸ்காவிலிருந்து திரும்பிய பின் சிக்னேயஸ், ரஷ்யத் தலைநகரான சென் பீட்டர்ஸ்பர்க்கில் பின்லாந்தியத் திருச்சபையின் பள்ளிக்குத் தலைவரானார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த இப்பணியே இவரைப் போதகர் நிலையிலிருந்து கல்வியாளராக மாற்றியது எனலாம்.

இக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி, ஜெர்மனியின் புரோபெல், டீஸ்டர்வெக் ஆகியோரின் கல்விக் கருத்துக்களை இவர் ஆழ்ந்து கற்றார். சொல்லுக்கு முன்னர் பொருளைக் காட்ட வேண்டும், பிள்ளை தன் புலன்களால் அறிந்த பின்னரே விதியைச் சொல்ல வேண்டும் என்பது பெஸ்டலோசியின் வழி. குழந்தைத் தோட்டம் என்ற மழலையர் பள்ளியைத் தோற்றுவித்த புரோபெல், பந்து, உருளை, கனசதுரம் முதலிய எளிய வடிவங்களைக் கையில் கொடுத்து, அடுக்கவும் பிரிக்கவும் மடிக்கவும் பின்னவும் செய்தார். புரோபெலின் முறை பள்ளிக்கு முந்திய வயதோடு நின்றுவிட்டதைச் சிக்னேயஸ் ஒரு குறையாகக் கண்டார். ஐந்து வயதில் கையால் கற்கும் பிள்ளை, ஏழு வயதில் பள்ளிக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க மட்டும் வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வியே இவரது திட்டத்தின் தொடக்கப் புள்ளி. புரோபெலின் கைப்பயிற்சியைப் பிள்ளையின் வயதுக்கேற்ப வளர்த்துத் தொடக்கப் பள்ளியின் இறுதிவரை கொண்டுசெல்லலாம் என்று இவர் கருதினார்.

கல்வித் திட்டம்

கிரிமியப் போர் முடிவுறும் காலத்தில், 1856 மார்ச்சில் ஹெல்சின்கிக்கு வந்த பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், பின்லாந்தின் முன்னேற்றத்துக்கான பணிகளில் ஒன்றாக ஊர்ப்புறப் பள்ளிகளை நிறுவும் திட்டத்தை வகுக்குமாறு செனட் அவைக்குப் பணித்தார். இது குறித்துப் பொதுக் கருத்துக்கள் கேட்கப்பட்டன. சிக்னேயஸ் அனுப்பிய கருத்துரை செனட்டின் கவனத்தை ஈர்த்தது. இதன் விளைவாக 1858 இல் இவர் அரசுச் செலவில் பிற நாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவர அனுப்பப்பட்டார்.

சுவீடன், டென்மார்க், ஜெர்மானிய நாடுகள், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலிய இடங்களில் இவர் பள்ளிகளையும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களையும் பார்வையிட்டார். சுவிட்சர்லாந்தின் வெட்டிங்கன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இவரைப் பெரிதும் கவர்ந்தது. அங்கே ஆசிரியராகப் பயில்வோர் பாடங்களோடு நிலத்திலும் தோட்டத்திலும் தாமே உழைத்தனர். ஊர்ப்புறப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் ஆசிரியர் ஊராரின் உழைப்பை அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

நாடு திரும்பியபின் அளித்த அறிக்கையிலும், 1861 இல் வெளியான பள்ளித் திட்டத்திலும் இவர் முன்வைத்தவற்றுள் முக்கியமானவை:

• தொடக்கப் பள்ளி ஏழைகளுக்கு மட்டுமான பள்ளியாக இல்லாமல், எல்லா வகுப்பினரின் பிள்ளைகளுக்கும் பொதுவான அடிப்படைப் பள்ளியாக இருத்தல்
• பள்ளியின் மேற்பார்வை திருச்சபையிடமிருந்து தனியாதல்
• ஆசிரியர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளி அமைதல், அதில் பெண்களுக்கும் இடமளித்தல்
• வரைதல், இசை, உடற்பயிற்சி, கைவேலை ஆகியவை பாடத்திட்டத்தின் உறுப்புகளாதல்

1861 இல் சிக்னேயஸ் நாட்டின் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

எதிர்ப்புகள்

இத்திட்டம் எளிதில் ஏற்கப்படவில்லை. மெய்யியலாளரும் பின்னிய மொழி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவருமான யோகான் வில்கெல்ம் ஸ்னெல்மன் இதைக் கடுமையாக விமர்சித்தார். சிறு பிள்ளைகளின் கல்வி வீட்டுக்கு உரியது, தாயே முதல் ஆசிரியர், அப்பொறுப்பைப் பள்ளி எடுத்துக்கொள்ளலாகாது என்பது ஸ்னெல்மனின் நிலைப்பாடு. பள்ளி தம் கையைவிட்டுப் போவதைத் திருச்சபையினர் பலர் விரும்பவில்லை. செலவைச் சுமக்க வேண்டிய ஊராட்சிகளிலும் தயக்கம் இருந்தது.

கைவேலையைப் பொறுத்தவரை எதிர்ப்பு வேறு வகையில் வந்தது. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கத்தி பிடிக்கவும் மரம் செதுக்கவும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளும்போது, அதற்குப் பள்ளி எதற்கு என்பது ஒரு வாதம். கற்பிப்பதானால் விற்கத்தக்க பொருட்களைச் செய்யக் கற்பிக்க வேண்டும், அதனால் வறுமை குறையும் என்பது மற்றொரு வாதம். இரண்டாவது வாதம் இவருக்கு ஆதரவு போலத் தோன்றினாலும், இவரது நோக்கத்துக்கு அதுவே பெரிய இடராக அமைந்தது.

யூவாஸ்கூலா ஆசிரியர் பயிற்சிப் பள்ளி

1863 இல் நடுப் பின்லாந்தின் சிறு நகரான யூவாஸ்கூலாவில், பின்னிய மொழியில் இயங்கும் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சிக்னேயஸ் அதன் முதல் இயக்குநரானார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் ஒரே நிறுவனத்தில் இயங்கின. பெண்கள் உயர்கல்வி பெற வேறு வழிகள் அரிதாயிருந்த காலத்தில் இது ஒரு பெரிய மாற்றமாகும். பிற்காலத்தில் நாடகங்களாலும் பெண்ணுரிமை எழுத்துக்களாலும் புகழ்பெற்ற மின்னா காந்த் இங்கு முதல் அணியில் சேர்ந்தவர்களுள் ஒருவர். 1865 இல் இந்நிறுவனத்தின் ஆசிரியர் ஒருவரை மணந்ததால் அவரது பயிற்சி இடையில் நின்றது.

மாணவர்கள் பாடங்களைக் கற்றதோடு மாதிரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் பழகினர். தோட்டவேலையும் பட்டறைவேலையும் அவர்களது பயிற்சியில் அடங்கின. கைவேலையைக் கற்பிக்கப் பள்ளிக்குத் தச்சரையோ கொல்லரையோ அழைத்துவரக் கூடாது, வகுப்பாசிரியரே அதைக் கற்பிக்க வேண்டும் என்பதில் சிக்னேயஸ் உறுதியாக இருந்தார். கைவினைஞரின் கண் பொருளின் மீது இருக்கும், ஆசிரியரின் கண் பிள்ளையின் மீது இருக்கும் என்பது இதற்கு அடிப்படை.

1866 ஆம் ஆண்டுச் சட்டம்

மே 11, 1866 அன்று தொடக்கப் பள்ளிச் சட்டம் வெளியிடப்பட்டது. சிக்னேயஸின் திட்டத்திலிருந்த பலவும் அதில் இடம்பெற்றன. ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கும், ஆண் ஆசிரியர்களின் பயிற்சிப் பள்ளிகளிலும் கைவேலை கட்டாயமாக்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்குத் தையல், பின்னல் முதலியவை கற்பிக்கப்பட்டன. 1869 இல் பள்ளிகளை மேற்பார்வையிடத் தனி வாரியம் அமைக்கப்பட்டது. திருச்சபையிடமிருந்து பள்ளி பிரிந்தது. சிக்னேயஸ் ஹெல்சின்கிக்குப் பெயர்ந்து வாரியத்தில் பணியைத் தொடர்ந்தார்.

சட்டம் வந்த காலம் மிகக் கடினமானது. 1866 முதல் 1868 வரை பின்லாந்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1868 இல் மட்டும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் இறந்தனர். மேலும், பள்ளி அமைக்க வேண்டிய கட்டாயம் நகரங்களுக்கு இருந்ததே தவிர, ஊர்ப்புற ஊராட்சிகளுக்கு இருக்கவில்லை. இதனால் பள்ளிகள் மெதுவாகவே பரவின. ஊர்ப்புற ஊராட்சிகளின் பொறுப்பு 1898 இல்தான் உறுதியாக்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 1921 இல் வந்தது.

கைவேலைக் கல்விக் கொள்கை

பள்ளிக் கைவேலையைச் சுவீடிய மொழியில் சுலோய்ட் என்பர். கைத்திறன் என்ற பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து இது வந்தது. சிக்னேயஸின் கொள்கையில் சுலோய்டுக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. தொழிற்பயிற்சி ஒருவரை ஒரு தொழிலுக்கு ஆயத்தப்படுத்துகிறது. சுலோய்ட் எந்தத் தொழிலுக்குச் செல்பவருக்கும் பொதுவான திறன்களை வளர்க்கிறது. அவற்றுள் சில:

• கண்ணும் கையும் இணைந்து செயற்படும் பழக்கம்
• வடிவம், அளவு, விகிதம் ஆகியவற்றை உணரும் திறன்
• துல்லியம், பொறுமை, ஒழுங்கு
• உடலுழைப்பின் மீது மதிப்பு

கடைசியாகக் குறிப்பிடப்பட்டதற்கு இவர் தனி அழுத்தம் தந்தார். படித்தவர் கையால் உழைப்பதை இழிவாகக் கருதும் நிலையில், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பட்டறையில் நின்று ஒரே வேலையைச் செய்வது அந்த எண்ணத்தைக் குறைக்கும் என இவர் நம்பினார்.

கைவேலையை இவர் பிற பாடங்களிலிருந்து தனித்து வைக்கவில்லை. ஒரு சிறு மரப்பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெட்டியை முதலில் தாளில் வரைய வேண்டும். இது வரைதல் பாடம். பலகையின் நீள அகலங்களைக் கணக்கிட்டு அளக்க வேண்டும், இது கணக்கு. மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பார்க்க வேண்டும், இது வடிவியல். மரத்தின் நார் எத்திசையில் ஓடுகிறது என்று பார்த்தே இழைப்புளியைச் செலுத்த வேண்டும். இது இயற்கை அறிவு. அளவு தவறினால் மூடி பொருந்தாது. ஆசிரியர் சொல்லாமலே பிள்ளை தன் தவற்றைத் தானே அறிந்துகொள்கிறது. ஏட்டுப் பாடத்தில் எளிதில் கிடைக்காத இந்த நேரடித் திருத்தமே கைவேலைப் பாடத்தின் தனிச்சிறப்பு.

பொருளின் எண்ணிக்கையோ விலையோ அளவுகோலாகக் கூடாது என்பதும் இக்கொள்கையின் பகுதி. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளையின் கை விரைவு பெறும். ஆனால் அந்நிலையில் சிந்தனைக்கு வேலையில்லை. ஆகவே ஒன்றில் தேர்ந்ததும் அதைவிடச் சற்றுக் கடினமான அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும்.

பிற நாடுகளில் தாக்கம்

சுவீடனின் மேற்குப் பகுதியில் நேஸ் என்னும் பண்ணையில், வணிகர் ஆகுஸ்ட் ஆபிரகாம்சனின் ஆதரவுடன் அவருடைய மருமகனான ஓட்டோ சாலொமோன் (1849–1907) 1870களில் கைவேலைப் பள்ளியை நடத்திவந்தார். நலிந்துவந்த குடிசைக் கைத்தொழில்களை மீட்பது அதன் தொடக்க கால நோக்கமாக இருந்தது. 1877 இல் சாலொமோன் பின்லாந்துக்குச் சென்று சிக்னேயஸைச் சந்தித்தார். இச்சந்திப்புக்குப் பின் நேஸ் பள்ளியின் நோக்கம் பொருளாதாரத்திலிருந்து கல்விக்குத் திரும்பியது.

சாலொமோன், கத்தியில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் மாதிரிப் பொருட்களின் வரிசையை உருவாக்கினார். நேஸில் நடந்த ஆசிரியர் வகுப்புகளுக்குப் பிரித்தானியா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். அவர்கள் வழியே சுலோய்ட் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. இதன் காரணமாகப் பின்லாந்துக்கு வெளியே சாலொமோனின் பெயரே மிகுதியாக அறியப்பட்டது.

நடைமுறைக் குறைபாடுகள்

சிக்னேயஸின் கொள்கைக்கும் பள்ளிகளில் நடந்ததற்கும் இடைவெளி இருந்தது. பல பள்ளிகளில் பட்டறைக்கு இடமோ போதிய கருவிகளோ இல்லை. வறுமையில் இருந்த ஊர்களில், பள்ளியில் செய்யும் பொருள் வீட்டுக்கு உடனே பயன்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாக எழுந்தது. இதனால் கொடுத்த மாதிரியைப் பார்த்து அப்படியே செய்வதே பாடம் என்ற நிலை பரவியது. பிள்ளை தானே எண்ணி வடிவமைக்கும் பகுதி சுருங்கியது.

மற்றொரு குறைபாடு இவரது திட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு மரமும் உலோகமும், பெண்பிள்ளைகளுக்குத் துணியும் நூலும் என்ற பிரிவினையை இவர் அக்காலத்து வழக்கப்படியே ஏற்றுக்கொண்டார். கைவேலை எல்லாருக்கும் பொதுவான கல்வி என்ற இவரது அடிப்படைக் கொள்கையோடு இது பொருந்தவில்லை. பெண்களுக்கு ஆசிரியர் பணியின் கதவைத் திறந்தவர், பள்ளிப் பட்டறையின் கதவைத் திறக்கவில்லை என்பது இவர்மீது முன்வைக்கத்தக்க முக்கியமான விமர்சனமாகும். இப்பிரிவினை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இறுதிக் காலமும் நினைவும்

முதுமையிலும் கல்விப் பணியில் ஈடுபட்டிருந்த சிக்னேயஸ், 1888 ஜனவரி 2 அன்று ஹெல்சின்கியில் தமது 77 ஆம் வயதில் காலமானார். சிற்பி வில்லே வால்கிரேன் வடித்த இவரது நினைவுச் சிலை 1900 இல் யூவாஸ்கூலாவில் நிறுவப்பட்டது. அந்நகரில் ஒரு தெருவும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1934 இல் கல்வியியல் கல்லூரியாகவும், 1966 இல் யூவாஸ்கூலா பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது.

பிற்கால வளர்ச்சி

பின்லாந்தில் 1970களில் ஒன்பது ஆண்டுப் பொது அடிப்படைப் பள்ளி நடைமுறைக்கு வந்தபோது, கைவேலையை ஆண், பெண் எனப் பிரிக்கும் வழக்கம் தளர்ந்தது. மாணவர் தாமே தெரிவுசெய்யலாம் என்ற நிலை வந்தாலும், பெரும்பாலான ஆண்கள் மரவேலையையும் பெண்கள் துணிவேலையையுமே தெரிவுசெய்து வந்தனர். 2014 இல் வகுக்கப்பட்டு 2016 முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், இரண்டும் ஒரே பாடமாக இணைக்கப்பட்டன. இதன்படி எல்லாப் பிள்ளைகளும் மரம், உலோகம், துணி, மின்னணுக் கருவிகள் ஆகிய பலவகைப் பொருட்களைக் கையாள்கின்றனர்.

அப்பாடத்திட்டம் கைவேலையை ஒரு முழுச் செயல்முறையாகக் காண்கிறது. பிள்ளை தன் எண்ணத்தைத் தானே உருவாக்கி, வரைந்து, செய்து பார்த்து, முடிவில் அதை மதிப்பிட வேண்டும். தொழில்நுட்பத்துக்கெனப் பின்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் தனிப் பாடம் கிடையாது. அதன் பெரும்பகுதி கைவேலைப் பாடத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. சிக்னேயஸ் வகுத்த கொள்கை, அவர் விட்டுவைத்த பிரிவினையைக் கடந்து ஒரே பட்டறைக்கு வந்துசேர 150 ஆண்டுகள் தேவைப்பட்டன.